உணவூட்டும் ரோபோ கை வாயருகே நடுங்குகிறது, தோள் மூட்டுக்கு என்ன வழி?

பெங்களூரு அல்சூரிலிருந்து எழுதுகிறேன். விபத்தில் என் அண்ணனுக்குக் கழுத்துத் தண்டுவடம் சி5 (கழுத்துப் பகுதியின் ஐந்தாம்) நிலையில் அடிபட்டது. முழங்கையை மடக்குவார், மணிக்கட்டும் விரல்களும் அசையாது. வெளிநாட்டு ரோபோ கைகள் பல லட்சம் ரூபாய் என்பதால், சக்கர நாற்காலியில் பொருத்தும் கை ஒன்றை நானும் நண்பரும் செய்தோம். மோவாயால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி அண்ணனே இயக்குகிறார்.

தட்டில் அள்ளுவதுவரை ஒழுங்காக நடக்கிறது. கை முழுவதும் நீண்டு வாயை நெருங்கும்போதுதான் ஸ்பூன் நடுங்குகிறது. தயிர்சாதம் தங்கிவிடுகிறது, ரசம் சட்டையெல்லாம் சிந்துகிறது. துடைத்துவிட ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டுமென்றால் இந்தக் கை எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். நியாயமான கேள்வி.

கையின் நீளம் 45 செ.மீ., எடை ஏறத்தாழ 600 கிராம். தோளில் 25 கிலோ-செ.மீ. திருப்புவிசை கொண்ட சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பது), கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை. நாற்காலியின் 24 வோல்ட் பேட்டரியிலிருந்து 6 வோல்ட்டாகக் குறைத்து எடுக்கிறோம். பொங்கலுக்கு முன்பிருந்தே இந்தத் தொல்லை.

சர்வோவுக்குத் தனி மின்சாரம் கொடுத்தோம், மின்னழுத்தம் ஏறியிறங்காமலிருக்கக் கெபாசிட்டர் சேர்த்தோம், எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் புது சர்வோ வாங்கி மாற்றினோம். பலனில்லை. நிரலில் வேகத்தைக் குறைத்ததும் நடுக்கம் சற்றே அடங்கியது. ஆனால் ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து அண்ணன் களைத்துப்போகிறார். கை மடங்கியிருக்கும்போது நடுக்கமே இல்லை என்பதால் பாரம்தான் காரணம் என நினைக்கிறேன்.

தோளின் பாரத்தைச் சுருள்வில் வைத்துச் சமன்செய்வது, பிளானட்டரி கியர் (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் அமைந்தது) மோட்டாருக்கு மாறுவது, இந்த இரண்டில் முகத்தருகே இயங்கும் கைக்கு எது பாதுகாப்பானது?