பிரபஞ்சம் விரிந்தால் அளவுகோலும் சேர்ந்து விரியாதா?

கேள்வி:
பிரபஞ்சம் விரிகிறது என்பதை விளக்க எல்லோரும் ஊதப்படும் பலூனையும் அதன்மேல் உள்ள புள்ளிகளையும் காட்டுகிறார்கள். என்னைக் குழப்புவதே அந்த உவமைதான். பலூனில் பேனாவால் வைத்த புள்ளியும் கூடவே பெரிதாகிறது அல்லவா? அப்படியானால் பூமி, என் மேசை, அதன்மேல் கிடக்கும் அளவுகோல் எல்லாமே அதே விகிதத்தில் பெரிதாக வேண்டும். அளக்கும் கோலும் நீண்டுவிட்டால், விரிவை எதைக் கொண்டு கண்டறிந்தார்கள்? மேலும், பலூன் அறைக்குள் விரிகிறது. பிரபஞ்சம் எதற்குள் விரிகிறது?

மறுமொழி 1:
எல்லாமே ஒன்றுபோல் பெரிதானால் விரிவு என்ற சொல்லுக்கே பொருள் இராது என்பதில் நீங்கள் சொல்வது மிகச் சரி. ஆனால் எல்லாம் பெரிதாவதில்லை. புள்ளிகளுக்குப் பதிலாகப் பலூனில் பொத்தான்களை ஒட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள்; இடைவெளி கூடும், பொத்தான் அப்படியே இருக்கும். ஈர்ப்பு விரிவை வென்று இறுக்கிப் பிடித்திருக்கும் இடங்களில் விரிவு கிடையாது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள நம் அண்டை விண்மீன் மண்டலமான ஆந்த்ரோமெடா விலகிப் போகவில்லை, நம்மை நோக்கி வருகிறது. 1912இல் வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் முதன்முதலாக அளந்தது அதன் வேகத்தைத்தான் என்பது ஒரு வேடிக்கை.

உங்கள் அளவுகோல் கேள்விக்கு வருகிறேன். பெரிதாகாத அந்தக் கோல் அணுதான். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் உமிழும் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் விழுகிறது. தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வரும் அதே கோடு 722 நானோமீட்டரில் விழுந்தால், அந்த ஒளி புறப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை மண்டலங்களுக்கு இடையிலான தூரங்கள் 10 சதவீதம் கூடியிருக்கின்றன என்று படிக்கலாம். மண்டலங்கள் விலகும் இன்றைய வீதம், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் நொடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அது 67ஆ, 73ஆ என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

மறுமொழி 2:
மேலே உள்ளதில் ஒரு திருத்தம். ஈர்ப்பு விரிவை 'வென்று' நிற்கிறது என்று சொன்னால், விரிவும் ஒரு விசை, இரண்டும் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன என்ற எண்ணம் வந்துவிடும். தொடக்கத்தில் எல்லாப் பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டுதான் இருந்தது. சற்றே அடர்த்தி மிகுந்த இடங்களில் அந்த விலகல் ஈர்ப்பினால் தளர்ந்து, நின்று, பொருள் திரும்பிவந்து குவிந்தது. அவ்வாறு குவிந்த இடத்தில் விரிவு என்பது முடிந்துபோன கதை. 1998இல் தெரியவந்த விரைவுபடும் விரிவுக்குக் காரணமாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல்கூட, மேசை அளவில் பொருட்படுத்தத்தக்கதல்ல.

'எதற்குள்' என்ற கேள்விக்குப் பலூனை விட்டுவிடுவதே நல்லது; அதற்கு ஒரு வெளிப்புறம் இருப்பதுதான் தொல்லை. 1, 2, 3 என முடிவின்றிச் செல்லும் எண்களை எடுத்து ஒவ்வொன்றையும் இரட்டியுங்கள். 2, 4, 6 என்று எல்லா இடைவெளிகளும் இரு மடங்காகிவிட்டன. வரிசைக்கு முன்பும் முடிவில்லை, இப்போதும் இல்லை, புதிதாக இடம் எதுவும் தேவைப்படவில்லை. எந்த எண்ணின்மேல் நின்று பார்த்தாலும் மற்றவை தன்னைவிட்டு விலகுவதாகவே தோன்றும். இரு மடங்கு தூரத்திலுள்ளது இரு மடங்கு வேகத்தில் விலகும். 1927இல் வானியலாளர் லெமேத்ரின் கணக்கிலும், 1929இல் வானியலாளர் ஹபிளின் அளவீட்டிலும் வந்த விதி இதுவே.

கேள்வி கேட்டவர்:
எண் வரிசை தெளிவாக்கிவிட்டது, நன்றி. ஒன்று மட்டும் மிச்சம். தூரம் கூடியதால்தான் ஒளி அலைநீளம் நீண்டு சிவந்தது என்று ஏன் கொள்ள வேண்டும்? நெடுவழியில் ஆற்றலை இழந்து 'களைத்து'ச் சிவந்திருக்கலாம் அல்லவா?

மறுமொழி 2:
1929இலேயே வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி இதை முன்வைத்தார். ஒளி களைத்தால் நிறம் மட்டுமே மாறும். நிகழ்ச்சி நடக்கும் வேகம் மாறாது. இடைவெளி விரிந்தால் இரண்டும் மாறியாக வேண்டும், ஏனெனில் பின்னால் புறப்படும் ஒளி முன்னதைவிடக் கூடுதல் தூரம் கடக்க வேண்டியுள்ளது. ஒன்றுபோல் மங்கும் இயல்புள்ள ஒருவகை விண்மீன் வெடிப்புகளைக் கொண்டு இதைச் சோதித்துவிட்டார்கள். அருகில் 20 நாளில் மங்கும் வெடிப்பு, அலைநீளம் ஒன்றரை மடங்காக நீண்டு வரும் தொலைவில் நிகழ்ந்தால் நமக்கு 30 நாளில் மங்குகிறது.