டிராவல் டிரெய்லருக்குப் புது டயர்: எதைப் பார்த்து வாங்குவது?

வீட்டுவண்டி (கேட்டி, டெக்சஸ்)

வணக்கம். எங்களுடையது 26 அடி டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீடு. இரண்டு ஆக்சில், நான்கு டயர். ஒரு பெரியவரிடமிருந்து பழையதாக வாங்கினோம். ஜூனில் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் கார்ல்ஸ்பாட் குகைகளுக்கும் அங்கிருந்து வைட் சாண்ட்ஸுக்கும் போகத் திட்டம். ஐ-10 நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்ட வேண்டிவரும், நல்ல வெயில் வேறு.

டயரில் பட்டன் எல்லாம் ஆழமாக இருக்கிறது, பார்க்கப் புதுசு மாதிரிதான். ஆனால் டயர் பக்கச்சுவரில் தயாரித்த தேதியைச் சொல்லும் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2318. இப்போது இருப்பது எஸ்.டி. (டிரெய்லருக்கென்றே செய்த டயர்) 205/75ஆர்14, லோடு ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரம்) சி. டிரெய்லர் ஸ்டிக்கரில் மொத்த எடை 7,600 பவுண்டு, ஆக்சில் ஒவ்வொன்றும் 3,500 என்று இருக்கிறது.

கடையில் அதே அளவில் மலிவாக ஒன்று காட்டினார்கள். அலுவலக நண்பர் ஒருவர், கார் டயரே போடலாம், பயணம் சொகுசாக இருக்கும் என்கிறார். வேறொருவர் லோடு ரேஞ்ச் டி போடு என்கிறார். பின்னால் பிள்ளைகள் படுக்கும் கட்டில் சரியாகச் சக்கரத்துக்கு மேலே இருக்கிறது, அதனால் இதில் செலவைப் பார்க்கப் போவதில்லை. எந்தக் கம்பெனி டயரை நம்பலாம்?

மைல்கல் (சான் அன்டோனியோ)

தம்பி, கம்பெனிப் பெயருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எடை.

இந்த அளவில் லோடு ரேஞ்ச் சி டயர் ஒன்று, 50 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 1,760 பவுண்டு தாங்கும். நான்குக்கும் 7,040. உங்கள் இரண்டு ஆக்சிலும் சேர்ந்து 7,000 (7,600இல் மீதி, இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்காரும்). அதாவது முழுப் பாரம் ஏற்றினால் மிச்சம் இருப்பது வெறும் 40 பவுண்டு, ஒரு கேஸ் சிலிண்டர் எடைகூட இல்லை. டிரெய்லர் தயாரிப்பாளர்கள் கணக்குக்குச் சரியாக வரும் டயரைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த எடை நான்கு சக்கரத்திலும் சமமாக உட்காரும் என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. எங்கேயும் அப்படி உட்காருவதில்லை.

எங்கள் வண்டியும் உங்களுடைய அளவுதான். ஃப்ரிட்ஜ், அடுப்பு, ஸ்லைடு (வெளியே நீளும் அறை) எல்லாம் இடப்பக்கம். ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்னும் வீட்டுவண்டிக்காரர் சங்கத்தார் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தருவார்கள். அங்கே போட்டதில் இடப்பக்கம் 3,400, வலப்பக்கம் 3,000. இடப்பக்க டயர் ஒன்றுக்கு 1,700 வருகிறது. 1,760 தாங்கும் டயரில் 1,700! பள்ளத்தில் இறங்கினாலோ காற்று கொஞ்சம் குறைந்தாலோ அங்கேயே வரம்பு தாண்டிவிடும். உங்களால் லிவிங்ஸ்டன் போக முடியாவிட்டால், லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்னும் எடை மேடை இருக்கும். தண்ணீர், துணிமணி, பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போங்கள். காலி வண்டியின் எடை எதற்கும் உதவாது.

அதனால்தான் லோடு ரேஞ்ச் டி சொல்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். அதே அளவு டயர், 65 பி.எஸ்.ஐ. காற்றில் 2,040 பவுண்டு. எங்கள் இடப்பக்கத்துக்கு இது போதும் போதும் என்று இருக்கிறது.

கார் டயர் வேண்டவே வேண்டாம். பக்கச்சுவர் மெல்லியது. டிரெய்லரில் போட்டால் அதன் தாங்கும் அளவை 1.1ஆல் வகுத்துத்தான் கணக்கிட வேண்டும். இரட்டை ஆக்சில் வண்டியை முகாமில் வளைத்துப் பின்னால் தள்ளும்போது டயரைப் பாருங்கள், ரிம் ஒரு பக்கம் இழுக்க, தரையைத் தொடும் பாகம் இன்னொரு பக்கம் முறுகி நிற்கும். எஸ்.டி. டயரின் பக்கச்சுவர் அதற்காகவே கெட்டியாகச் செய்யப்படுகிறது.

இப்போது தேதி. 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆம் வாரம். பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று சாகிறது. ரப்பரைக் காக்கும் கலவை, டயர் உருண்டு நெளியும்போதுதான் மேலே கசிந்து வரும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது நடக்காது. டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுத்து, பட்டனும் பக்கச்சுவரும் சேரும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மயிரிழை மாதிரி வெடிப்பு வாய் திறக்கும். உள்பக்கத்தையும் பாருங்கள், வெளிப்பக்கம் வழவழப்பாக இருந்து உள்பக்கம் பிளந்த டயரை நான் பார்த்திருக்கிறேன். 5 ஆண்டு தாண்டிய டயரில் நான் வண்டி இழுப்பதில்லை.

ஐ-10இல் ஓசோனா ஊர் தாண்டி எங்களுக்கு ஒரு டயர் உரிந்தது. காற்றுகூடப் போகவில்லை. மேல்பட்டை மட்டும் கழன்று, எஃகுக் கம்பியோடு சுழன்று சுழன்று அடித்து, சக்கரத்துக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் தட்டைக் கிழித்து, பிரேக் ஒயரை அறுத்துவிட்டது. கட்டில் சக்கரத்துக்கு மேலே என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடும் வண்டியில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், தெரியும். ஆனால் கேஸ் குழாயும் அதே வழியாகத்தான் போகும்.

கம்பெனிக்கு வருவோம். நான் போட்டிருப்பது குட்இயர் எண்டியூரன்ஸ். இந்த அளவில் லோடு ரேஞ்ச் டி, வேகக்குறி ‘என்’, அதாவது 87 மைல். அந்த வேகத்தில் போகச் சொல்லவில்லை, அந்தச் சூட்டைத் தாங்கும் என்பதுதான் பயன். கார்லைல், மாக்சிஸ் போட்டுத் திருப்தியாக இருப்பவர்களும் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள். கடைக்காரர் காட்டிய மலிவு டயரில் வேகக்குறி இருக்கிறதா பாருங்கள். குறியே இல்லாத எஸ்.டி. டயரை 65 மைலுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கெர்வில் தாண்டினால் ஐ-10இல் பலகை 80 என்று சொல்லும். பலகை காருக்கு, உங்களுக்கு 62, 63 போதும்.

பாலைநிலா (பீனிக்ஸ்)

அண்ணா சொன்னதோடு இரண்டு விஷயம்.

ஒன்று, வால்வு. சாதாரண ரப்பர் வால்வு 65 பி.எஸ்.ஐ. வரைதான். டி டயருக்கு அது விளிம்பில் நிற்கிறது. டயர் மாற்றும்போதே உலோக வால்வு போடச் சொல்லுங்கள். ரிம் ஏற்கெனவே கழன்றிருக்கும், கூடுதல் செலவு பெரிதில்லை.

இரண்டு, டயரின் காற்றழுத்தத்தை ஓட்டுகிறவருக்குக் காட்டும் டி.பி.எம்.எஸ். சென்சார். இரட்டை ஆக்சிலில் ஒரு டயர் காற்று இறங்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது, பக்கத்து டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடும். பஞ்சர் ஆனதை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால், அந்தப் பக்கத்து டயர் கொஞ்ச நாளில் வெடிக்கும். அதையும் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

காற்று காலையில், வெயில் படும் முன் அடியுங்கள். பகலில் 65 என்பது 75ஐத் தொட்டால் பதறி இறக்கிவிடக் கூடாது. இங்கே பீனிக்ஸில் நிற்கும் நாளெல்லாம் சக்கரத்துக்கு வெள்ளை உறை போட்டே வைக்கிறோம்.

வீட்டுவண்டி

மிக்க நன்றி அண்ணா, நன்றி அக்கா. டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன். வலப்பக்கம் பின் டயரின் உள்பக்கத்தில் வெடிப்பு சுற்றிலும் ஓடுகிறது. அந்த நான்கும் இனி நெடுஞ்சாலை ஏறாது. டி டயர் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு சந்தேகம்: ரிம்மின் பின்பக்கம் அதிகபட்சம் 1,900 பவுண்டு என்று அடித்திருக்கிறது. டயர் 2,040 தாங்கினால் என்ன ஆகும்?

மைல்கல்

1,900தான் உங்கள் கணக்கு. டயரும் ரிம்மும் சேர்ந்து தாங்குவதில் எது குறைவோ அதுதான் வரம்பு. அப்படியும் பழையதைவிட ஒரு சக்கரத்துக்கு 140 பவுண்டு கூடுதல், டயரும் தன் வரம்புக்கு வெகு கீழே நின்று சூடேறாமல் ஓடும். 65 பி.எஸ்.ஐ. அந்த ரிம்முக்குச் சரியா என்று மட்டும் ரிம் தயாரிப்பாளரிடம் போன் போட்டுக் கேளுங்கள். சில ரிம்மில் காற்றழுத்தம் அச்சடித்திருக்காது.

கடையில் புது டயரின் தேதியை நீங்களே படியுங்கள். கிடங்கில் இரண்டு வருஷம் கிடந்ததைத் தந்தால் வாங்காதீர்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக மாற்றுங்கள், உங்கள் ஸ்டெப்னியும் 2018ஆகத்தான் இருக்கும். ஜாக்கியை ஆக்சில் குழாயில் வைக்க விடாதீர்கள், டிரெய்லரின் இரும்பு அடிச்சட்டத்தில்தான் வைக்க வேண்டும். நட்டைச் சரியான அளவுக்கு முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும். கிளம்பி 50 மைலில், கொலம்பஸ் பக்கம் எங்காவது நிறுத்தி நட்டுகளை இன்னொரு தடவை முடுக்குங்கள். எத்தனை அடி-பவுண்டு என்பது உங்கள் டிரெய்லர் கையேட்டில் இருக்கும்.