குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் மிதி தளர்கிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். குமுளியில் வசிக்கும் நான், அம்மாவைச் சிகிச்சைக்காக அடிக்கடி தேனிக்குக் காரில் அழைத்துச் செல்கிறேன். மலையடிவாரத்திலுள்ள லோயர் கேம்பை நோக்கி இரண்டாம் கியரிலேயே இறங்கினாலும், கடைசி வளைவுகளை நெருங்கும்போது பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. முன்பக்க இடது சக்கரத்திலிருந்து கருகிய வாடையும் வருகிறது. வண்டியைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மிதி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

பிரேக் பேடுகளை மாற்றினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பேடு சூடேறிப் பிடிமானம் இழந்தால் மிதி கெட்டியாகவே இருக்கும், கார்தான் நிற்காது. மிதி பஞ்சுபோல் அமிழ்வதோ பிரேக் ஆயில் கொதித்துக் குமிழ்கள் உண்டாவதன் அறிகுறி. டாட் 3 என்ற தரவகைப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ், ஈரத்தை உறிஞ்சிய பின் 140 டிகிரிதான். இடுக்கி மழையில் நிற்கும் வண்டிக்கு இது சாதாரண விஷயமன்று.

ஆனால் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாவதால், அங்கே காலிப்பர் (பேடுகளைச் சக்கரத் தட்டின்மீது அழுத்தும் பாகம்) இறுகியிருக்குமோ என்ற ஐயமும் உண்டு. ஆயிலை மாற்றுவதா, காலிப்பரைக் கழற்றிப் பார்ப்பதா, எதை முதலில் செய்வது? டாட் 3 பரிந்துரைக்கப்பட்ட காரில், அதைவிடக் கொதிநிலை கூடிய டாட் 4 ஆயிலை ஊற்றி இதே பாதையில் ஓட்டுபவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறுங்கள். கம்பம், தேனிப் பகுதியில் இவ்வேலையைப் பொறுமையாகச் செய்யும் பட்டறை எது என்றும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். அதுவரை அம்மாவைப் பேருந்திலேயே அழைத்துச் செல்கிறேன்.