பல்ப் (பல்லுக்குள்ள இருக்கற நரம்புத் திசு) ரத்தத்துல எம்எம்பி-9 (வீக்கத்துல ஏறற ஒரு என்சைம்) பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வேலூர், ராணிப்பேட்டை பக்க டென்டல் மக்களே, ஒரு உதவி. எம்டிஎஸ் தீசிஸுக்கு பல்ப்பைட்டிஸ் (பல்ப் வீக்கம்) பயோமார்க்கர் (நோய் நிலைய காட்டற பொருள்) எடுத்திருக்கேன், கோல்ட் டெஸ்ட் (பல்லுல சில்லுனு வச்சுப் பாக்கறது) வச்சா நரம்பு பதில் குடுக்குதான்னு தான் தெரியுது, உள்ள வீக்கம் எவ்ளோ, ரூட் கெனால் தான் பண்ணணுமா இல்ல பல்பாட்டமியிலயே (மேல் பல்ப்ப மட்டும் எடுக்கறது) பல்லு பொழைச்சிக்குமான்னு அது எங்க சொல்லப் போவுது. அதான் பல்ப் ரத்தத்துல எம்எம்பி-9, ஐஎல்-8 (வீக்க சிக்னல் புரோட்டீன்) ரெண்டையும் எலைசால (புரோட்டீன் அளக்கற லேப் டெஸ்ட்) பாக்கலாம்னு ப்ளான் (நியூட்ரோஃபில்ங்கற வெள்ளணு கூட்டம் சேந்தா எம்எம்பி-9 ஏறும்ல).

டவுட் என்னன்னா, காட்டன் பெல்லட்ல ஊறற துளி ரத்தம் பல்லுக்குப் பல்லு மாறுது, டோட்டல் புரோட்டீனுக்கு நார்மலைஸ் பண்ணா (மொத்த புரோட்டீன் அளவால வகுத்தா) போதுமா? அப்பறம் மைனஸ் 80 ஃப்ரீசர் வெளி ஆளுங்களுக்கும் தர்ற லேப் காட்பாடி பக்கம் எதுனா இருக்கா? இந்த வேலூர் வெயில்ல சாம்பிள சென்னைக்குத் தூக்கினு போவ பயமா இருக்குப்பா. பண்ணவங்க இங்கயே சொல்லுங்க.