வேர்ம்ஹோல் மாதிரி: கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை மாறுகிறது, உதவி தேவை

வணக்கம். சுண்ணக்கல் பாறைக்குள் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கரைத்து உண்டாக்கும் வேர்ம்ஹோல்களை (புழு துளைத்தது போன்ற நீண்ட துளைகளை) மாதிரியாக்குவதில் சிக்கி நிற்கிறேன். இருப்பது திருகோணமலை. இங்கே குன்றெல்லாம் குவார்ட்சைட், இந்த அமிலத்துக்கு அசையாது; சுண்ணக்கல்லுக்கு யாழ்ப்பாணம் போகவேண்டும். அமிலம் செலுத்திப் பார்க்கும் கருவியும் கிடைக்காததால் கணினி மாதிரிதான் வழி.

2005இல் பங்கா, சியாவுதீன், பாலகோட்டையா வெளியிட்ட இரட்டை அளவு மாதிரியை (நுண்துளை அளவையும் முழுப் பாறை அளவையும் இணைப்பது) இருபரிமாணத்தில் பைத்தானில் எழுதியிருக்கிறேன். பாறை 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். நுண்துளைமை (பாறையின் கனவளவில் துளைகளின் பங்கு) 0.2, கணக்கிடப் பாறையைப் பிரித்த ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் ±0.05 ரேண்டம் வேறுபாடு. அமிலம் 15%.

மெதுவாகச் செலுத்தினால் முகப்பு மட்டும் கரைகிறது, மிக வேகமாகச் செலுத்தினால் பாறை முழுக்கப் பரவுகிறது. அது சரி. மிகக் குறைந்த அமிலத்தில் ஊடறுக்கவேண்டிய நடு வேகத்தில்தான் பிரச்சினை. கட்டத்தை 1 மி.மீ.இலிருந்து 0.5 ஆக்கினால் துளை மெலிகிறது, தேவைப்படும் அமிலமும் குறைகிறது. 0.25இல் இன்னும் குறைகிறது. மாசியிலிருந்து இதே நிலைதான்.

நேரப் படியைக் குறைத்தேன். நுண்துளைமை 1ஐ நெருங்கும்போது நுண்துளைமையிலிருந்து ஊடுருவுதிறனை (திரவம் பாறைக்குள் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதை) கணிக்கும் கார்மன்-கோசெனி சூத்திரம் எல்லையில்லாமல் ஏறுவதால் அதற்கு உச்சவரம்பு போட்டேன். அப்புறம் அமில நகர்வுக்கு உயர்வரிசை முறையும் பார்த்தேன். பலனில்லை. 1 மி.மீ. நுண்துளைமை வரைபடத்தையே சிறிய கட்டங்களிலும் வைத்தபோதுதான் வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் முற்றாகப் போகவில்லை.

கட்ட அளவு மாறினாலும் விடை மாறாமலிருக்க, தொடக்க நுண்துளைமை வேறுபாட்டின் தொடர்பு நீளத்தை (எவ்வளவு தூரம் வரை அருகருகே மதிப்புகள் ஒத்திருக்கும் என்பதை) எதை வைத்துத் தீர்மானிக்கிறீர்கள்?