உட்செவிக்குப் போவது ‘வெளிச்செல் நரம்பா’?

ஜார்ஜ் டவுனிலிருந்து:

மலேசியத் தமிழ்க் கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்கு முன் உறுமி மேளம் அடிக்கும் இளைஞர்களுக்குச் செவிப் பாதுகாப்பைப் பற்றித் தமிழில் பேசப் போகிறேன். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ‘எஃபெரென்ட்’ (efferent) நரம்புக்கு ஈடான ஒரு தமிழ்ச் சொல்லுக்காக எல்லாம் நிற்கிறது.

காதிலிருந்து மூளைக்கு நரம்பு போவது எல்லாருக்கும் தெரியும். மூளையின் அடியிலுள்ள மூளைத்தண்டிலிருந்து காதுக்கு வரும் நரம்பும் உண்டு; ‘எஃபெரென்ட்’ என்பது அதுதான். அதன் பாதையை 1946-இல் ஆய்வாளர் ராஸ்முசென் விவரித்தார். 1956-இல் இன்னோர் ஆய்வாளர் கலாம்போஸ் பூனைகளில் அதை மின்சாரத்தால் தூண்டியபோது, ஒலிக்குச் செவிநரம்பு காட்டும் மறுமொழி குறைந்தது. ஒரு காதின் உட்செவியில் ஏறக்குறைய 12,000 வெளி மயிர்ச்செல்கள் (மயிர் போன்ற நுண்ணிழை கொண்ட உயிரணுக்கள்) இருக்கின்றன. மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருவது அவைதாம். இந்த நரம்பு அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து அந்தப் பெருக்கத்தைத் தணிக்கிறது.

இதை என் மேசையிலேயே பார்க்கலாம். காதுக்குள் சிறு முனையைச் செருகினால் உட்செவியே எழுப்பும் மிக மெல்லிய ஒலி திரையில் பதிவாகும். அப்போது மற்றக் காதில் இரைச்சலைக் கொடுத்தால் அந்தப் பதிவு சற்றே தாழும். ஒரு காது கேட்டதற்கு மூளைத்தண்டு மற்றக் காதை அடக்குகிறது! இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

இந்த நரம்புக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு ‘வெளிச்செல் நரம்பு’, அதாவது மூளையிலிருந்து வெளியே செல்லும் நரம்பு. அதை வைத்து எழுதிப் பார்த்தேன்: “வெளிச்செல் நரம்பு உட்செவியின் வெளி மயிர்ச்செல்லைச் சென்றடைகிறது.” படிப்பவர் எங்கே போவார்?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

> படிப்பவர் எங்கே போவார்?

தங்கச்சி, ‘வெளிச்செல் நரம்பு’ வினைத்தொகை. சென்ற, செல்கின்ற, செல்லும் என்று முக்காலத்துக்கும் விரியும், இலக்கணத்தில் குற்றமில்லை. உயிரணுவையும் ‘செல்’ என்று எழுதியதால், ‘வெளிச்செல்’ என்பதை வெளியே உள்ள உயிரணு என்று படிக்க நேரும் குழப்பம் இது. ‘மயிரணு’ என்று மாற்றுங்கள், பாதி தீரும்.

ஆனாலும் அந்தச் சொல் வழியைத்தான் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. நான் முன்வைப்பது ‘ஏவல் நரம்பு’. ஏவு என்பதே வேர். ஏவல் வினை, ஏவுகணை எல்லாம் அதன் கிளைகள். “ஐந்தறி வதுவே அவற்றொடு செவியே, ஆறறி வதுவே அவற்றொடு மனனே” என்கிறது தொல்காப்பிய மரபியல். செவிக்கு அடுத்த படியிலேயே மனம் நிற்கிறது. மேலே உள்ள படி ஏவுகிறது, கீழே உள்ள படி கேட்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

பட்டர்வொர்த்திலிருந்து:

ஐயா, சொல் அழகுதான். ஆனால் இங்கே ‘ஏவல்’ என்றாலே பில்லி, சூனியம் நினைவுக்கு வரும். காதில் இரைச்சல் கேட்கிறது என்று பூசாரியிடம் போகும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களிடம் “உங்கள் காதில் ஏவல் நரம்பு இருக்கிறது” என்று கையேடு கொடுக்க முடியுமா? நான் மறுக்கிறேன்.

அப்புறம், மூளைத்தண்டில் இந்த நரம்பு புறப்படும் இடமான ஆலிவ் முடிச்சுக்கு என்ன பெயர்? ஆலிவைத் தூய தமிழில் ‘இடலை’ என்பார்கள். யாருக்குத் தெரியும்? வேதாகமம் படித்தவர்களுக்கு ஒலிவ மலை தெரியும். பினாங்கு முஸ்லிம் வீடுகளில் சைத்தூன் எண்ணெய் என்றால் போதும். ஒரே காய்க்கு மூன்று பெயர்; மூன்றும் நம்முடையவை. ‘ஒலிவ முடிச்சு’ என்பதே என் விருப்பம்.

செந்தூலிலிருந்து:

நம் பிள்ளைகள் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் உயிரியலை மலாயில் படிப்பவர்களுக்குச் சிறுநீரகப் பாடத்திலேயே ‘எஃபெரென்ட்’ என்பதன் மலாய் வடிவமான ‘எஃபெரென்’ வந்துவிடும். அதை அப்படியே தமிழில் எழுதுவதில் என்ன இழிவு? கையேடு புரிய வேண்டும், ஐயா. தூய்மையை அகராதியில் காப்போம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து:

நன்றி. ஆனால் வருகிறவர்களில் பலர் உயிரியல் எடுக்காதவர்கள். ‘எஃபெரென்’ அவர்களுக்கு வெறும் ஓசைதான். மூளையிலிருந்து காதை நோக்கி வருகிறது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். பெரும்பாலோர் தனிமடலில் ‘இறங்கு நரம்பு’ போதும் என்கிறார்கள். அதையே வைக்கிறேன். ‘மயிரணு’, ‘ஒலிவ முடிச்சு’ இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: இந்த நரம்பு இருக்கிறது என்பதற்காகக் காதடைப்பான் இல்லாமல் உறுமி அடிக்கக் கூடாது. விலங்குச் சோதனைகளில் இது ஓரளவு காப்பது தெரிகிறது. மணிக்கணக்கான பேரொலிக்கு அது ஈடுகொடுக்காது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

கையேட்டுக்கு வாழ்த்துகள். ‘இறங்கு நரம்பு’ பற்றிய என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். மூளையின் மேலடுக்கான புறணியிலிருந்து மூளைத்தண்டுக்கு வரும் இழைகளும் இறங்குகின்றன. அவை மூளையை விட்டு வெளியே வருவதில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நாளை மருத்துவ மாணவர் தடுமாறுவார். சொற்பட்டியலில் ‘ஏவல் நரம்பு’ மாற்றுச் சொல்லாகவாவது இருக்கட்டும். பட்டர்வொர்த் நண்பருக்கு அந்தச் சொல் பிடிக்காவிட்டால் வேறு ஒன்றைச் சொல்லட்டும், பேசுவோம்.