யாழ்ப்பாணம், 2024 நவம்பர் 14ஆம் திகதிப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்: வாக்குக் கேட்டு வந்தவர்களோடு உங்கள் அனுபவம்

வலிவடக்கான்:
போன கிழமை பின்னேரம் ஒரு வேட்பாளரே வீட்டுக்கு வந்தார். கட்சி எதுவென்று நான் இங்கே சொல்லவில்லை, யாராக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். அம்மா உள்ளே போய்க் காணி உறுதியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். 1990இல் விட்டுவந்த காணி, இன்னும் இராணுவத்தின் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்தான். அவர் உறுதியை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் மேலேயே தன் நோட்டீசை வைத்துத் திருப்பிக் கொடுத்து, "விருப்பு வாக்கில் ஒன்று எனக்குப் போடுங்கோ அம்மா" என்றார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. 1ஆம் திகதி 34 வருடத்துக்குப் பிறகு வசாவிளான் - பலாலி வீதியைத் திறந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அதால் போகும்போது வாகனத்தை நிறுத்த முடியாது. பார்த்துக்கொண்டே போகலாம், அவ்வளவுதான்.

கரவெட்டி ரீச்சர்:
எங்கள் ஒழுங்கையில் வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சிக்காரரும் சங்குச் சின்னத்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்காரரும் ஒரே காலையில் வந்தார்கள். என் படலையடியில் நேருக்கு நேர் சந்தித்தும் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. அவர்களில் இருவர் 2013இல் மாகாணசபைக்கு ஒன்றாக வந்து வாக்குக் கேட்டவர்கள். அப்போது இவர்கள் ஒன்றாக இருந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 38இல் 30 ஆசனம் கொடுத்தோம். சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது, இன்றுவரை தேர்தல் இல்லை. அது எப்போது வரும் என்று இரண்டு பக்கத்தையும் கேட்டேன். "முதலில் பாராளுமன்றத்தைப் பார்ப்போம் ரீச்சர்" என்று இருவருமே சொன்னார்கள். அந்தப் பதில் இன்னும் மனதை அறுக்கிறது.

பாசையூர்ப் பெடியன்:
ரீச்சர், அவர்கள் பிரிந்ததற்குக் கவலைப்படுகிறீர்கள். ஒன்றாக இருந்தபோது எங்கள் கடலுக்கு என்ன நடந்தது? கடலடியை வழித்து அள்ளுகிற இழுவைமடியை 2017இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இந்திய இழுவைப் படகுகள் (றோலர்கள்) இப்போதும் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி, அதுதான் திசைகாட்டிக்காரர் ஒருவர் எங்கள் மீன்வாடிக்கு வந்து, அறுந்த வலையைக் கையில் எடுத்துப் பார்த்து, விலையைக் கேட்டுக் கொப்பியில் எழுதினார். செய்வாரோ தெரியாது. ஆனால் எழுதியவர் அவர் ஒருவர்தான். 10ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இங்கே வந்தபோது நானும் போய்ப் பேச்சைக் கேட்டேன்.

தென்மராட்சி அண்ணை:
எல்லோரும் கட்சியைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் பெரியம்மாவிடம் வந்த பெடியன் சின்னத்தைச் சொல்லவேயில்லை, தன் ஆளின் இலக்கத்தை மட்டும் மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனான். சொந்தக் கட்சிக்காரரோடேயே விருப்பு வாக்குப் போட்டி! பெரியம்மா அப்படியே இலக்கத்துக்கு மட்டும் போட்டால் அந்தச் சீட்டுக் கழிவுதான்.

ஆகவே தயவுசெய்து வீட்டில் இருக்கிற வயதானவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு கட்சிக்கு நேரே புள்ளடி (X). பிறகு கீழே அந்தக் கட்சியின் வேட்பாளர் இலக்கங்களில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மூன்றுக்கோ புள்ளடி, அதுதான் விருப்பு வாக்கு. செப்ரெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு 1, 2, 3 என்று போட்ட ஞாபகத்தில் இப்போது மூன்று கட்சிக்குப் போட்டால் வாக்குச் செல்லாது. இன்னொன்று, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறு ஆசனத்துக்கு 44 பட்டியல், 396 பேர். கூடிய வாக்கு எடுக்கிற கட்சிக்கு ஓர் ஆசனம் போனசாகப் போய்விடும், மீதி ஐந்தைத்தான் பங்கிடுவார்கள். ஐந்து வீதம் எடுக்காத பட்டியல் பங்கீட்டுக்கே வராது. தெரிந்த பெடியன் சுயேச்சையில் நிற்கிறான் என்று போடுவதற்கு முன் இதை யோசியுங்கள். காலை ஏழு மணிக்கே போங்கள், அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

கரவெட்டி ரீச்சர்:
அண்ணை, புள்ளடி போடத் தெரியும். தம்பி பாசையூர், உங்கள் கோபம் நியாயமானது, வலையின் விலையை எழுதியதும் நல்லது. ஆனால் அந்தக் கொப்பியில் மாகாணசபைத் தேர்தலையும் எழுதச் சொல்லியிருக்கலாம். காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கொழும்பின் கையிலா மாகாணத்தின் கையிலா என்பது மாகாணசபை விஷயத்தில்தான் இழுபடுகிறது. வலிவடக்குத் தம்பியின் அம்மா காட்டிய உறுதியும் அதே கதைதான். யார் வென்றாலும் நன்றி சொல்ல இந்த ஒழுங்கைக்கு வருவார்கள், அப்போதும் இதைத்தான் கேட்பேன்.